தலையை வெட்டியது யார்?

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்கும் பழைய ரேஷன் கார்டுகளுக்கும் நடுவே, ஒரு புகைப்பட ஆல்பம் கட்டாயம் இருக்கும். கறுப்பு அட்டை, நாலு மூலைக்கும் குட்டியாக முக்கோண ஒட்டு. ஒருதரம் எடுத்துப் புரட்டிப் பாருங்களேன்!

தாஜ்மகால் பிரம்மாண்டமாக நிற்கும். அதன் காலடியில் எறும்பு சைஸில் நாலு பேர். யார் தாத்தா, யார் பாட்டி என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அடுத்த பக்கத்தில் மகாபலிபுரம். எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஏதோ புளிப்பு மாங்காயைக் கடித்த முகத்தோடு நிற்பார்கள். தரையில் தொப்பி போட்ட ஒரு நிழல் நீட்டிப் படுத்திருக்கும். படம் எடுத்த சித்தப்பாவுடைய நிழல் அது! இன்னொரு பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை. மாலை தெரியும், கைக்கடிகாரம் தெரியும், செருப்புகூடத் தெரியும். தலை மட்டும் இருக்காது.

‘சித்தப்பாவுக்குப் படம் எடுக்கத் தெரியாது’ என்று ஐம்பது வருஷமாகக் கேலி செய்துகொண்டிருக்கிறோம். பாவம் அந்த மனிதர்! மேற்படி குற்றங்களில் முக்கால்வாசி அவர் செய்தது அல்ல. அவர் கையில் இருந்த பெட்டி செய்தது. அந்தப் பெட்டியோடு வந்த கையேடு செய்தது. இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனால், அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் ஒரு பாங்க்கில் போய் நிற்போம். வருடம் 1877.

அந்த பாங்க்கில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்று ஓர் இளைஞர் குமாஸ்தாவாக இருந்தார். வயது 23. சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். 14 வயதில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர். சிக்கனமானவர், கட்டுசெட்டானவர், கணக்கில் புலி. லீவு போட்டுவிட்டு கரீபியத் தீவுகளில் உள்ள சாண்டோ டொமிங்கோவுக்குப் போய்வர ஆசைப்பட்டார். “போறதுதான் போறே... நாலு போட்டோ எடுத்துக்கிட்டு வாயேன்” என்று கூட வேலை பார்த்த ஒருவர் கொளுத்திப் போட்டார். ஈஸ்ட்மனும் கடைக்குப் போய்ச் சாமான்களை வாங்கினார்.

என்னென்ன சாமான்கள் தெரியுமா? சோப்புப் பெட்டிகள் அடுக்கும் மரப்பெட்டி அளவுக்கு ஒரு கேமரா. அதைத் தாங்கக் கனமான முக்காலி. கண்ணாடித் தகடுகள், அவற்றை வைக்க ஒரு சட்டம். ரசாயனப் புட்டிகள். சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு தொட்டி நிறைய. தண்ணீர் ஜாடி. எல்லாவற்றுக்கும் மேலாக... ஒரு கூடாரம்!

கூடாரம் எதற்கு? அந்தக் காலத்தில் ‘வெட் ப்ளேட்’ என்ற முறைதான் நடைமுறையில் இருந்தது. 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை ஊற்றி, தோசைக்கல்லில் எண்ணெய் பரப்புகிற மாதிரி சாய்த்துச் சாய்த்து ஒரே சீராகப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டில் வைத்து வெள்ளிக் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஓடிப்போய்க் கேமராவில் செருகிப் படம் எடுக்க வேண்டும். மறுபடி ஈரம் காய்வதற்குள் கூடாரத்துக்கு ஓடி டெவலப் செய்ய வேண்டும். மொத்தமாகக் கிடைப்பது பத்து நிமிஷம், கூடப்போனால் கால் மணி. காய்ந்தால் போச்சு!

ஆக, இருட்டறையை முதுகில் கட்டிக்கொண்டுதான் ஊர் சுற்றவேண்டும். ஈஸ்ட்மன் ஒருமுறை அந்த வெள்ளிக் கரைசலைப் பத்திரமாகச் சுற்றி ட்ரங்க் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனார். மூடி கசிந்து, போட்டுக்கொள்ள வைத்திருந்த துணிமணி எல்லாம் கறை! இன்னொரு சமயம் மாக்கினாக் தீவில், பாறையில் இயற்கையாக அமைந்த ஒரு வளைவைப் படம் எடுக்கக் கூடாரம் போட்டார். அங்கே வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் ‘நம்மைத்தான் எடுக்கிறார்’ என்று நினைத்து வளைவின்மீது வரிசையாகப் போஸ் கொடுத்து நின்றார்கள். கொளுத்துகிற வெயிலில் அரை மணி நேரம். எல்லாம் முடிந்ததும் ஒருவர் வந்து, “படம் என்ன விலை?” என்று கேட்டார். “விற்பனைக்கு இல்லை, நான் பொழுதுபோக்குக்காக எடுக்கிறவன்” என்றார் ஈஸ்ட்மன். அவ்வளவுதான்... வந்தவருக்கு வந்ததே கோபம்! “அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுதானே? கழுத்துல போர்டு மாட்டிக்க வேண்டாமா?” என்கிற தொனியில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். பிற்காலத்தில் ஈஸ்ட்மனே சொன்ன கதை இது.

அந்த நாளில் பயணத்தில் படம் எடுப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதற்கு நம்ம ஊரிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சொந்த ஆர்வத்தில் புகைப்படம் கற்றுக்கொண்டவர். 1856-ல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராகவே நியமித்தது. 1858 வாக்கில் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். நம் வெயிலில் ஈரக் கண்ணாடித் தகடெல்லாம் கதைக்கு ஆகாது. எனவே மெழுகு ஏற்றிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். ஒரு அடிக்கு மேல் நீளமான காகிதம்! தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டவைத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்றைக்கு செல்போனை இப்படியும் அப்படியும் வீசி ‘பனோரமா’ எடுக்கிறோமே... அதுவேதான்!

ட்ரைப்பின் படங்களில் ஒரு வேடிக்கை. அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் அளவுக்கு மீறிய பாசம். நீல வானத்தை எடுத்தால் வெறும் வெள்ளைத்தாளாக வரும். மேகம் கீகம் எதுவும் தெரியாது. மனிதர் பார்த்தார். நெகட்டிவில் தன் கையாலேயே மேகம் தீட்டிவிட்டார்! மதுரை வானத்தில் மிதக்கும் சில மேகங்கள், மழைக்காக வந்தவை அல்ல. பிரஷ்ஷிலிருந்து வந்தவை. ‘இப்போதான் எல்லாரும் ஃபில்டர் போட்டு ஏமாத்தறாங்க’ என்று அங்கலாய்ப்பவர்கள் கவனிக்கவும்.

ராச்செஸ்டருக்குத் திரும்புவோம். இத்தனை சாமான் வாங்கிய ஈஸ்ட்மன் சாண்டோ டொமிங்கோவுக்குப் போனாரா என்றால், கடைசிவரை போகவே இல்லை! ‘இந்த மூட்டையை எப்படிக் குறைப்பது?’ என்ற ஒரே யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. பகலில் பாங்க். ராத்திரியில் அம்மாவின் சமையலறையில் ரசாயனம் காய்ச்சுவார். களைத்துப்போனால் அடுப்பு ஓரமாகவே போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கிவிடுவார். ‘ட்ரை ப்ளேட்’ என்கிற காய்ந்த தகட்டை இங்கிலாந்தில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். அதை மெஷினால் மளமளவென்று தயாரிக்கும் வழியை ஈஸ்ட்மன் கண்டுபிடித்து 1880-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். மறு வருடம் பாங்க் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் கண்ணாடியே எதற்கு என்று சுருட்டக்கூடிய காகித ஃபிலிமுக்கு வந்தார். 1888-ல் அந்தப் பெட்டி வெளியே வந்தது.

பெயர், கோடக். எந்த மொழியிலும் அர்த்தமே இல்லாத சொல். ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்து ஈஸ்ட்மனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதால், அதில் ஆரம்பித்து அதிலேயே முடிகிற மாதிரி எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் செய்த பெயர் அது.

இந்த 1888 மாடலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் சித்தப்பாவின் ஜாதகம் இதில்தான் எழுதப்பட்டது.

தோல் உறை போட்ட சின்னப் பெட்டி. விலை 25 டாலர். உழைத்துப் பிழைக்கிறவர்களுக்குச் சில வாரச் சம்பளம். உள்ளே நூறு படங்களுக்கான ஃபிலிம் தயாராகச் சுற்றியிருக்கும். செய்ய வேண்டியது மூன்றே காரியம். மேலே ஒரு கயிறு இருக்கும், இழுக்க வேண்டும். பக்கவாட்டில் பட்டன், அழுத்த வேண்டும். பிறகு சாவியைத் திருக வேண்டும், ஃபிலிம் அடுத்த படத்துக்கு நகரும். நூறும் முடிந்ததும் பெட்டியை அப்படியே ராச்செஸ்டருக்குத் தபாலில் அனுப்பிவிட்டால், பத்து டாலருக்குப் படங்களைப் போட்டு, புது ஃபிலிம் சுற்றித் திருப்பி அனுப்புவார்கள். பட்டனை நீங்கள் அழுத்தினால் போதும், மீதியெல்லாம் எங்கள் பாடு என்பதுதான் விளம்பரத்தின் சாராம்சம்.

சரி... என்ன படம் வருகிறது என்று எதில் பார்ப்பது? எதிலும் பார்க்க முடியாது! அதில் வ்யூஃபைண்டரே கிடையாது. பெட்டியின் மேல்புறத்தில் ‘வி’ வடிவத்தில் கோடுகள் போட்டிருக்கும். அந்தக் கோடுகளுக்கு இடையே எது வருகிறதோ அது படத்திலும் வரும் என்று குத்துமதிப்பாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். துப்பாக்கியைக் குறி பார்க்காமல் இடுப்பிலிருந்தே சுடுவது மாதிரி. எத்தனை படம் எடுத்தோம் என்று சொல்லும் எண்ணும் கிடையாது. குறித்துவைத்துக்கொள்ள ஒரு குட்டி நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள்!

இன்னொரு விசித்திரம், படங்கள் எல்லாம் வட்டம். இரண்டரை அங்குலக் குறுக்களவில், அப்பளம் மாதிரி. ஏதோ கலைநயம் என்று நினைத்துவிடாதீர்கள். லென்ஸ் ஓரங்களில் மங்கலாகத் தெரியும், அதை மறைக்க வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வ்யூஃபைண்டர் இல்லாத பெட்டியை ஜனங்கள் கோணலாகத்தான் பிடிப்பார்கள், கடல் சாய்ந்து கொட்டுகிற மாதிரி படம் வரும் என்று கம்பெனிக்குத் தெரியும். சதுரப் படமென்றால் சாய்வு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வட்டப் படத்தைக் கொஞ்சம் திருப்பி ஒட்டிவிட்டால்? சமுத்திரம் நேராகிவிடும்! ஜனங்கள் செய்யப்போகும் தப்பை முன்கூட்டியே மன்னித்து அனுப்பிய கேமரா அது. சும்மா சொல்லக் கூடாது, ஈஸ்ட்மன் வியாபாரி மட்டுமல்ல... மனிதர்களைப் படித்தவர்.

இப்போது அந்தப் புளிப்பு மாங்காய் முகத்துக்கு வருவோம். அன்றைய ஃபிலிமுக்கு வெளிச்சப் பசி அதிகம். லென்ஸின் துவாரமோ சின்னது. ஷட்டருக்கு ஒரே ஒரு வேகம். எனவே பட்டப்பகல் வெயிலில் மட்டும்தான் படம் விழும். அதுவும் சூரியன், எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும் என்று கையேட்டில் கண்டிப்பாகப் போட்டார்கள். சூரியன் எடுப்பவருக்குப் பின்னால் இருந்தால் நிற்பவருக்கு எங்கே இருக்கும்? நேராகக் கண்ணில்! கண் கூசாமல் என்ன செய்யும்? கொஞ்சம் சாயங்காலமாகிவிட்டால் எடுப்பவரின் நிழல் வேறு முன்னால் நீண்டு படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கவனியுங்கள். இது அந்த மெஷினின் பலவீனத்துக்காகச் சொல்லப்பட்ட உபாயம், அவ்வளவே. பிற்பாடு ஃபிலிம் முன்னேறியது. லென்ஸ் முன்னேறியது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் மூக்கு மூக்காகத் தெரியும், கன்னத்துக்கு ஒரு வளைவு கிடைக்கும், கோயில் சிற்பத்துக்கு உயிர் வரும் என்றெல்லாம் ஆனபிறகும், ‘சூரியன் முதுகுக்குப் பின்னால்’ என்ற விதி மட்டும் வேதவாக்கு மாதிரி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருந்தது. காரணம் செத்துப்போயும் சட்டம் சாகவில்லை!

மாப்பிள்ளையின் தலையை வெட்டிய விவகாரமும் ஏறக்குறைய இப்படித்தான். பின்னாளில் வந்த கேமராக்களில் கண் வைத்துப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்தார்கள். பரோடாவில் தயாரான ‘ஆக்ஃபா க்ளிக் த்ரீ’யை உங்களில் பலர் தொட்டிருப்பீர்கள். 120 ஃபிலிமில் 12 படம். அதில் பார்க்கும் ஜன்னல் மேலே, படம் பிடிக்கும் லென்ஸ் கீழே. தூரத்து மலையை எடுக்கும்போது இந்த இரண்டு விரல்கடை வித்தியாசம் ஒன்றும் செய்யாது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் வம்பு. மேலே இருக்கிற ஜன்னலுக்குத் தலை தெரிகிறது, கீழே இருக்கிற லென்ஸுக்குச் சட்டைப் பைதான் நடுவில் இருக்கிறது. ‘பாரலாக்ஸ்’ என்பார்கள். நம்ப முடியாவிட்டால் மூக்குக்கு முன் விரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். ஜன்னல் வழியாகப் பார்த்த சித்தப்பா, தலையைச் சரியாகத்தான் வைத்திருந்தார். வெட்டியது லென்ஸ்!

ஈஸ்ட்மன் செய்த காரியத்தை இப்போது யோசித்துப் பாருங்கள். ரசாயனத்தைப் பிடுங்கிக்கொண்டார். கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஃபோகஸ், நேரக்கணக்கு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார். படம் எடுப்பவரிடம் மிஞ்சியவை இரண்டே கேள்விகள். எங்கே நிற்பது? எப்போது அழுத்துவது? இந்த இரண்டுக்கும் யாரிடமும் பதில் தயாராக இல்லை. ஸ்டூடியோக்காரர்களுக்கே தெரியாது. அவர்கள் உலகத்தில் நாற்காலியும் திரையும் நகராது. எதிரில் உட்கார்ந்தவரும் நகரக் கூடாது.

அவசரத்துக்கு ஓவியர்களிடம் கடன் வாங்கினார்கள். இன்றைக்கு உங்கள் செல்போன் கேமராவில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்டு, படத்தை ஒன்பது கட்டமாகக் காட்டுகிற வசதி இருக்கிறதல்லவா? ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி. முக்கியமான விஷயத்தை நட்டநடுவில் வைக்காதே, மூன்றில் ஒரு பங்கு தள்ளி வை என்பது. ஏதோ கம்ப்யூட்டர் காலத்துச் சமாசாரம் என்று நினைப்போம். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர், கிராமத்துக் காட்சிகளை வரைவது பற்றி 1797-ல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பெயரையே கொடுத்து எழுதிவைத்திருக்கிறார். வானத்துக்கு இரண்டு பங்கு கொடுத்தால் நிலத்துக்கு ஒரு பங்கு கொடு என்கிற மாதிரி. புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். அதற்கு 42 வருஷம் முன்னாலேயே அதன் சட்டம் எழுதியாகிவிட்டது!

ஆனால் ஓவியர் ஒரு மரத்தை வேண்டிய இடத்தில் நட்டுக்கொள்ளலாம். கேமராக்காரர் என்ன செய்வார்? மரம் நின்ற இடத்தில்தான் நிற்கும். இவர்தான் நகர வேண்டும். மரத்துக்குப் பதில் ஓடும் குதிரை என்றால்? காத்திருக்க வேண்டும். இதைச் செய்து காட்டியவர் நியூயார்க்கில் இருந்த ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ்.

ஸ்டீக்லிட்ஸ் முதலில் கைக்கேமராவை மதித்தவரே அல்ல. பட்டன் அழுத்துகிற கும்பல் கலையைக் கெடுக்கிறது என்ற கட்சி. ஒருநாள் நண்பர் ஒருவருடைய கைக்கேமராவை வாங்கிப் பார்த்தார். 1893-ம் வருடம் பிப்ரவரி 22. நியூயார்க்கில் கடும் பனிப்புயல். ஐந்தாவது அவென்யூவில் போய் நின்றார். ஒரு மணி நேரம் அல்ல... மூன்று மணி நேரம்! தெரு வெண்மையாகக் கிடக்கிறது. பனியில் வண்டித் தடங்கள் வளைந்து வளைந்து போகின்றன. அவருக்கு வேண்டியது ஒரு குதிரை வண்டி. வண்டிகள் வந்தன, போயின. எதுவும் சரியில்லை. கடைசியில் ஒரு வண்டி, குதிரைகள் தலை குனிய, வண்டிக்காரர் சாட்டையை ஓங்க, சரியாக அந்தத் தடங்கள் மீது ஏறி வந்தது. அழுத்தினார். நெகட்டிவைப் பார்த்த கிளப் நண்பர்கள், “மங்கலா இருக்கு, தூக்கிப் போடு” என்று சிரித்தார்களாம். அவர் அதன் ஓரங்களைத் தாராளமாக வெட்டிவிட்டு, வண்டி இருந்த பகுதியை மட்டும் பெரிதாக்கினார். புகைப்படச் சரித்திரத்தில் அது இன்றைக்கு ஒரு பெரிய படம்.

1897-ல் ஸ்டீக்லிட்ஸ் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அதன் சாரம் இது. முதலில் இடத்தைத் தேர்ந்தெடு. மனிதர்களைப் பற்றிக் கவலைப்படாதே. வெளிச்சம் எப்படி விழுகிறது, கோடுகள் எங்கே போகின்றன என்று பார். அந்த மேடை தயாரானதும் வருகிறவர்கள் போகிறவர்களைக் கவனி. எல்லாம் ஒன்றுசேரும் கணம் வரும்வரை காத்திரு. மணிக்கணக்கானாலும் சரி. இவ்வளவுதான். இன்றைக்குப் பெரிய பெரிய வகுப்புகளில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதும் பெரும்பாலும் இதைத்தான்.

நாம் என்ன செய்கிறோம்? பஸ்ஸை விட்டு இறங்குகிறோம். கோபுரத்தைப் பார்த்ததும் க்ளிக். ‘நேரமாச்சு, ஏறுங்க’ என்கிறார் டிரைவர். தேநீர் குடிக்கிற பத்து நிமிஷத்தை ஒரே இடத்தில் நின்று செலவழித்தால், கோயில் யானையோ பூக்காரம்மாவோ தானாக வந்து படத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்!

பயணத்தில் எடுத்த படங்களில் உலகப் புகழ்பெற்ற ஒன்றும் ஸ்டீக்லிட்ஸுடையதுதான். 1907 ஜூன் மாதம், குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகிறார். முதல் வகுப்பு. பணக்காரர்களின் பேச்சும் பாவனையும் தாங்க முடியவில்லை. தப்பித்து, தளத்தின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். கீழே ஏழைப் பயணிகளின் தளம். ஒரு வட்டமான வைக்கோல் தொப்பி. சாய்ந்த ஏணி. குறுக்கே ஓடும் வெள்ளை நடைபாலம். ஒருவரின் முதுகில் ‘எக்ஸ்’ மாதிரி வெள்ளைப் பட்டைகள். உருவங்கள் ஒன்றோடொன்று பேசுவதுபோல் அவருக்குத் தோன்றியது. கையில் கேமரா இல்லை! அறைக்கு ஓடினார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தகடு. மூச்சு வாங்கத் திரும்பி வந்தால்... தொப்பிக்காரர் நகரவில்லை, பட்டைக்காரர் நகரவில்லை. எடுத்துவிட்டார். இதெல்லாம் பல வருஷம் கழித்து அவரே சொன்னது. இத்தகைய கதைகளில் கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். அது போகட்டும். அந்தப் படத்தைப் பார்க்கிற எல்லோரும், ‘ஆகா, அமெரிக்காவுக்குப் பிழைக்க வரும் ஏழைகள்’ என்று உருகுவார்கள். கப்பல் போனதோ எதிர்த்திசையில்! அவர்கள் அமெரிக்காவை விட்டுத் திரும்பிப் போகிறவர்கள். படம் எதையும் பொய் சொல்லவில்லை, பார்ப்பவர்தான் கதையைத் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறார். பயணப் படங்களின் பின்பக்கத்தில் தேதியும் ஊரும் எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இதற்கு நடுவே 1900-ல் ஈஸ்ட்மன் இன்னொரு வெடியைக் கொளுத்தினார். ‘ப்ரௌனி’ கேமரா. அட்டைப் பெட்டிதான். விலை ஒரே ஒரு டாலர்! ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். குழந்தைகளுக்கு என்றே விளம்பரம் செய்தார்கள். அதுவரை கேமரா என்பது பணமும் மீசையும் உள்ள ஆண்களின் விளையாட்டு. இப்போது பள்ளிக்கூடப் பையன்கள் கையில், கடைச் சிப்பந்திகள் கையில், முக்கியமாகப் பெண்கள் கையில் வந்தது. பெரிய ஸ்டூடியோக்காரர்கள் ஒருபோதும் படமெடுக்க நினைக்காதவையெல்லாம் படமாயின. குளிக்கும் நாய்க்குட்டி, தூங்கும் பாட்டி, கொடியில் காயும் துணி.

பெர்னிஸ் பால்மர் என்ற 17 வயதுக் கனடா நாட்டுப் பெண்ணுக்கும் இப்படி ஒரு கோடக் ப்ரௌனி பரிசாகக் கிடைத்தது. 1912 ஏப்ரலில் அம்மாவோடு நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக்கடல் பக்கம் உல்லாசப் பயணம் கிளம்பினாள். ஏறிய கப்பலின் பெயர் கார்பேத்தியா. பெயரைக் கேட்டதும் சிலருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆம்... டைட்டானிக் மூழ்கியபோது உதவிக்கு ஓடிய கப்பல்! ஏப்ரல் 15 அதிகாலை, 700-க்கும் மேற்பட்டவர்களைப் படகுகளிலிருந்து ஏற்றிக்கொண்டார்கள். விடிந்ததும் அந்தப் பெண் தளத்துக்கு வந்து, மிதந்துகொண்டிருந்த பனிப்பாறையைப் படம் எடுத்தாள். பிழைத்து வந்தவர்கள் தளத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பதையும் எடுத்தாள். மூன்றில் ஒரு பங்கு விதி எல்லாம் அவள் யோசித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் விதியே பதில் சொல்லிவிட்டது. எங்கே நிற்பது? அங்கே. எப்போது அழுத்துவது? அப்போதே. கப்பல் நியூயார்க் திரும்பியதும் ஒரு புகைப்பட நிறுவனம் பத்தே டாலர் கொடுத்து வெளியிடும் உரிமையை வாங்கிக்கொண்டது. அதன் மதிப்பு அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேமராவையும் படங்களையும் பாட்டியான பிறகு, 1986-ல், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

தாஜ்மகால் எறும்புகளை மறந்துவிடவில்லை! இந்தப் பெட்டிக் கேமராக்களில் இன்ன தூரம் என்று ஃபோகஸ் செய்ய வேண்டியதே இல்லை. சில அடிகளுக்கு அப்பால் உள்ள எல்லாம் ஓரளவு தெளிவாக விழும். அதுதான் அவற்றின் பெரிய சௌகரியம். அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் நமக்குத் தோன்றவில்லை. பாட்டியை அத்தனை தூரம் நடக்கவிட்டுப் பளிங்கு மேடையில் ஏற்றி நிறுத்தியிருக்கத் தேவையில்லை. கட்டடம் அங்கேயே இருக்கட்டும், பாட்டி கேமராவுக்கு எட்டடி முன்னால் ஓரமாக நின்றால் போதும். மூக்குத்தியும் தெரியும், மினாரும் தெரியும். செல்போனிலும் இதுவேதான் கணக்கு. சொன்னால் கேட்கிறார்களா? ‘நாங்க அங்க போனோம்கிறதுக்கு அத்தாட்சி வேணாமா?’ என்கிறார்கள்.

அத்தாட்சி மோகத்தையும் கோடக் நன்றாகவே வளர்த்தது. கார்கள் பெருகிய 1920-களில் அமெரிக்க நெடுஞ்சாலை ஓரங்களில் போர்டு வைத்தது. சற்றுத் தள்ளி நல்ல காட்சி வருகிறது, கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று! ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஒரே படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எங்கே நிற்பது என்று மிஞ்சியிருந்த ஒரு கேள்வியையும் கம்பெனியே வாங்கிக்கொண்டது. கொடைக்கானலில் தூண் பாறைகளுக்கு முன்னால் கம்பி வேலியோரம் நின்று எடுத்த படம் உங்கள் வீட்டிலும் இருக்கும், எதிர் வீட்டிலும் இருக்கும். இரண்டையும் மாற்றி வைத்தால், முகத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது.

யார் சொல்லியும் கேட்காமல் எடுத்த ஒரு பையனும் இருந்தான். பிரான்ஸில் ஜாக் ஹென்றி லார்த்தீக். 1894-ல் பிறந்தவன். வசதியான குடும்பம். ஏழெட்டு வயதிலேயே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் நிற்கவைத்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவன் பறக்கவைத்து எடுத்தான்! 1905-ல், பதினோரு வயதில், மாடிப்படியிலிருந்து பெண் ஒருத்தி குதித்து, தரை தொடாமல் அந்தரத்தில் நிற்கும் கணத்தைப் பிடித்தான். பூனையைத் தூக்கிப்போட்டு, மாமாவைத் தண்ணீரில் தள்ளி, சைக்கிளைக் கவிழ்த்து... வீட்டில் நடக்கிற கூத்தையெல்லாம் ஆல்பத்தில் ஒட்டிவைத்தான். உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற நினைப்பெல்லாம் இல்லை. வளர்ந்து ஓவியரானார். ஆல்பங்கள் பாட்டுக்குக் கிடந்தன. 1963-ல்தான் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றை மாட்டிவைத்தது. அப்போது அவருக்கு வயது 69! அதே வருடம் ‘லைஃப்’ பத்திரிகையும் பக்கம் பக்கமாக வெளியிட்டது. எந்த இதழில் தெரியுமா? கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்த இதழில். அமெரிக்காவே வாங்கிப் பார்த்த இதழ் அது.

அந்த ஆல்பங்களில் ஒரு கார் பந்தயப் படம் இருக்கிறது. 1912 என்று லார்த்தீக் குறித்துவைத்திருந்தார், 1913-ஆக இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். 6-ம் நம்பர் கார் சீறிக்கொண்டு போகிறது. படத்தில் பாதிக் கார்தான் இருக்கிறது, முன்பாதி வெட்டுப்பட்டுவிட்டது. சக்கரம் வட்டமாக இல்லை. முட்டை மாதிரி நசுங்கி முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள். அவருடைய கேமராவின் ஷட்டர் என்பது, ஒரு கீறல் உள்ள திரை. அந்தக் கீறல் நகர்ந்து போகப் போக, படம் அடியிலிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழும். சக்கரத்தின் அடிப்பாகம் விழுந்து, மேல்பாகம் விழுவதற்குள் கார் முன்னே போய்விட்டது. அதனால் சாய்ந்த சக்கரம். காரைத் துரத்திக் கேமராவையும் சேர்த்துத் திருப்பினார் அல்லவா? அதனால் சும்மா நின்றவர்கள் பின்னுக்குச் சாய்ந்துவிட்டார்கள். படம் பாழாகிவிட்டது என்று அவர் வெகுகாலம் அதை ஒதுக்கியே வைத்திருந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு வேகம் என்ற சொல்லுக்கே முகம் என்கிற மாதிரி அதைப் போற்றுகிறார்கள்.

இந்த மாதிரிக் கோணல் படங்கள் பழைய பந்தயங்களில் நிறையவே விழுந்தன. பார்த்துப் பார்த்து, கேலிச்சித்திரம் போடுகிறவர்களின் கைக்கும் அது பழகிவிட்டது. அடுத்த தடவை கார்ட்டூனில் ஒரு ஜீப் தறிகெட்டு ஓடினால் அதன் சக்கரங்களைக் கவனியுங்கள், சாய்ந்திருக்கும்!